காரின் தண்ணீர்ப் பம்பை வீட்டில் மாற்றுதல்

வல்லை வெளியைப் பகலில் கடந்தவர்களுக்குத் தெரியும். பருத்தித்துறை வீதியின் அந்தத் துண்டில் வீடும் இல்லை, நிழலும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. இருபுறமும் உவர் நிலமும் கடல்நீரேரியும்தான். சில வருடங்களுக்கு முன் எமக்குத் தெரிந்த ஒருவர், பிரசவ வேதனை கண்ட அயல்வீட்டுப் பெண்ணைத் தமது பழைய மொறிஸ் மைனரில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். நடு வெளியில் கார் கொதித்து நின்றுவிட்டது. அவசரத்தில் ஏரிநீரை வாளியால் அள்ளி, கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினில் ஊற்றினார். பின்னால் வந்த வானொன்று அப்பெண்ணை ஏற்றிச் சென்றது. தாயும் பிள்ளையும் சுகம். எஞ்சின்தான் தப்பவில்லை. சூடேறிய வார்ப்பிரும்பில் குளிர்நீர் பட்டதும் அதன் தலைப்பகுதி வெடித்துவிட்டது.

பம்பு ஒழுகுவது அவருக்குத் தெரியாததல்ல. “காலமையில ஒரு செம்பு தண்ணி விட்டால் ஓடுதுதானே” என்று இரண்டு மாதம் இருந்துவிட்டார். அந்த ஒரு செம்புத் தண்ணீரைப் பற்றியும், அதைத் தேவையில்லாமற் செய்யும் வேலையைப் பற்றியும் இங்கே பார்ப்போம்.

1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. பெற்றோல் சில துளி விட்டு ஸ்ராட் செய்து, பின் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை அந்நாளில் வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார்கள். அவை நிலைத்து நின்றதற்குக் காரணம் அவற்றின் எளிமை. நாலைந்து ஸ்பானர் வைத்திருந்தவர் வீட்டு முற்றத்திலேயே பாதி வேலையை முடித்துவிடுவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் இந்தப் பழைய கார்களின் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது ஏ-சீரீஸ் எனப்படும் எஞ்சின் பூட்டிய மொறிஸ் மைனர். 1948 முதல் வந்த முதல் மைனர்கள் தண்ணீர்ப் பம்பு இல்லாமலே வந்தன. சூடான நீர் தானாக மேலேறி, றேடியேற்றரில் குளிர்ந்து கீழிறங்கும் சுழற்சியே போதுமென்று விட்டிருந்தார்கள். 1952இல் வந்த ஒஸ்ரினின் 803 சீசீ எஞ்சினில் பம்பு இருந்தது. ஒஸ்ரின் ஏ-40 சமர்செற்றின் எஞ்சின் வேறு. அதற்கும் முறை பெரும்பாலும் இதுவே, போல்ற் அளவுகள் மாறும். பிற்கால யப்பான் கார்களில் சிலவற்றுக்குப் பம்பு ரைமிங் பெல்ற்றுக்குப் பின்னால் இருக்கும். அவற்றில் வீட்டில் கை வைக்காமல் கராஜுக்கே கொண்டு போங்கள். பெல்ற் ஒரு பல் தவறினாலும் எஞ்சினுக்கே கேடு வரலாம்.

பம்பு என்பது ஒரு தண்டு, அதைத் தாங்கும் பெயாரிங், உள்முனையில் நீரைத் தள்ளும் சிறு சக்கரம், நீர் பெயாரிங் பக்கம் வராமல் தடுக்கும் சீல் ஆகியவைதான். வெளிமுனையில் புல்லியும் காற்றாடியும் இருக்கும். சீல் தேய்ந்தால் நீர் பெயாரிங்குக்குள் போகாமல் வெளியே வடிவதற்கென்று பம்பின் அடியில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளையால் சொட்டுவது பம்பு உங்களுக்குத் தரும் முன்னறிவித்தல். அதைக் குச்சியாலோ பசையாலோ அடைப்பவர்களைக் கண்டிருக்கிறோம். அடைத்தால் நீர் பெயாரிங்குக்குள் போகும். பெயாரிங் உடைந்தால் காற்றாடி றேடியேற்றரைக் கிழிக்கும்.

இனிச் செம்புத் தண்ணீர். எமது கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறும் நீரைத் தருபவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பாருங்கள். ஒழுக்கில்லாத காரில் ஒருமுறை விட்ட நீரே சுற்றிக்கொண்டிருப்பதால் அதிலுள்ள சுண்ணாம்பு ஒருமுறைதான் படியும். ஒழுகும் காரில் நாள்தோறும் புதுச் சுண்ணாம்பு போகிறது. லீற்றருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு உள்ள கிணறு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு அரை லீற்றர் விட்டால் வருடத்தில் ஏறக்குறைய 55 கிராம். அதில் பாதி படிந்தாலும் றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களுக்கு அது போதும். பொருக்கின் துகள்கள் புதுச் சீலையும் அராவும். புதுப் பம்பு போட்டு ஆறு மாதத்தில் மீண்டும் ஒழுகுகிறதென்று கடைக்காரரை ஏசுபவர்கள், எந்தத் தண்ணீர் விட்டோமென்று ஒருமுறை யோசிக்கவேண்டும். கரையோரக் கிணற்று நீரில் உப்பும் சேர்ந்து இரும்பைத் தின்னும்.

கார் சூடாகிறதென்றால் உடனே பம்பைக் குற்றஞ்சாட்டக் கூடாது. பெல்ற் தளர்ந்திருக்கலாம், றேடியேற்றர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்ராற் ஒட்டியிருக்கலாம். (தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது எம்மவர் வழக்கம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடித் தேய்வதை அவர்கள் கணக்கிலெடுப்பதில்லை.) பம்பைச் சோதிக்க, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, காற்றாடியின் எதிரெதிர் இதழ்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் பெயாரிங் போய்விட்டது. துளைக்குக் கீழே துருநிறக் கோடு இருந்தால் சீல் போய்விட்டது.

வேலை தொடங்குமுன் எஞ்சின் முற்றாக ஆறவேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. பற்றறியின் ஒரு வயரைக் கழற்றுங்கள். றேடியேற்றரின் அடியிலும் எஞ்சின் பக்கத்திலும் உள்ள குழாய்களைத் திறந்து நீரை ஒரு தாச்சியில் பிடியுங்கள். எஞ்சின் பக்கத்துக் குழாய் பெரும்பாலும் அடைத்திருக்கும். கம்பியால் குத்தினால் ஓடும். கோஸ்களையும் றேடியேற்றரையும் கழற்றி வைத்தால் கை போக இடம் கிடைக்கும்.

இந்தக் கார்களுக்கு அங்குல ஸ்பானர் வேண்டும். பம்பின் நான்கு போல்ற்றுகளும் அரை அங்குலத் தலையுடையவை, அதாவது 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பானர் போகும், ஆனால் இறுகிய போல்ற்றில் வழுக்கித் தலையை உருட்டிவிடும். டைனமோவைத் தளர்த்திப் பெல்ற்றை எடுங்கள். டைனமோவின் முன் போல்ற் பம்பின் காதிலேயே பூட்டியிருப்பதால் அதை முழுதாகக் கழற்றவேண்டும். காற்றாடியையும் புல்லியையும் எடுக்குமுன் காற்றாடியின் முன்பக்கத்தில் சோக்கால் அடையாளமிடுங்கள். மாறிப் பூட்டுவது இலகு. கழற்றும் போல்ற்றுகளை மட்டையொன்றில் பம்பின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

பம்புக்கும் எஞ்சின் தலைக்கும் இடையில் ஒரு குட்டி றபர் குழாய் இருக்கிறது. விரல் நீளம்தான், விலையும் சொற்பம். ஆனால் பம்பு இருக்கும்போது அதை மாற்றுவது பெரும்பாடு. பம்பு வெளியே வந்தபோது நல்லதாகத் தெரிந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். ஐந்து வருடப் பழைய குழாயை விட்டுவைத்து, அடுத்த மாதம் எல்லாவற்றையும் மறுபடி கழற்றியதில் நாமும் ஒருவர்.

பழைய பம்பையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புல்லி இருக்கும் உயரம், போல்ற் துளைகள், குட்டிக் குழாய்க்கான வாய் ஆகியவை ஒத்திருக்கவேண்டும். எஞ்சின் முகத்தில் ஒட்டியுள்ள பழைய கஸ்கற்றைச் சுரண்டும்போது துளைக்குள் சீலையை அடைத்துக்கொள்ளுங்கள். ஆழக் கீறாதீர்கள். ஒரு கீறல் போதும், அதனால் நீர் கசியும். கஸ்கற் கிடைக்காவிட்டால் கஸ்கற் கடதாசியைப் பம்பின் முகத்தில் வைத்துச் சிறு சுத்தியலால் விளிம்பைத் தட்டி வெட்டியெடுக்கலாம். இருபுறமும் மெல்லியதாகக் கிறீஸ் பூசினால் போதும். பம்பைப் பொருத்தும்போதே குட்டிக் குழாயையும் அதன் கிளிப்புகளோடு சேர்த்து நுழைக்கவேண்டும். போல்ற்றுகளைக் குறுக்காக மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பெல்ற்றை இறுக்குவதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். இறுக்கம் கூடினால் புதுப் பெயாரிங்கும் சீக்கிரம் போய்விடும். நீண்ட பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் அசையவேண்டும்.

இனி நீர். முதல் மழையில் கூரை கழுவுப்பட்டபின் பிடித்த மாரி மழைநீர் எல்லாவற்றிலும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பத்து லீற்றர் கான் ஒன்றை நிரப்பி மூடி வைத்தால் வருடத்துக்குக் காணும். மழைநீர் தனியே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே பித்தளை றேடியேற்றருக்கும் வார்ப்பிரும்புக்கும் ஏற்றதென்று எழுதிய கூலன்ற்றை, போத்தலில் சொன்ன அளவில் கலந்துகொள்ளுங்கள். மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டால் காற்று வெளியேறி மட்டம் இறங்கும். மீண்டும் நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டத்தையும் பம்பின் அடியையும் பாருங்கள்.

வடித்த பழைய நீரில் கூலன்ற் இருந்தால் அதைத் தாச்சியோடு முற்றத்தில் விடாதீர்கள். அது இனிக்கும். நாயும் பிள்ளையும் குடித்தால் உயிராபத்து. கிணற்றடியிலும் ஊற்றக்கூடாது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகக் கழிவு எவ்வளவு இலகுவாக நிலத்தடி நீரில் சேருமென்பதைச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் கண்டோம். 2019இல் உயர் நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பான விடயம் அது. மூடியுள்ள கானொன்றில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் கராஜில் கேட்டுக் கொடுங்கள்.

பழைய பம்பையும் எறியவேண்டாம். அதன் உடல் வெடிக்காமலிருந்தால், லேத் வேலை தெரிந்தவர் புதுப் பெயாரிங்கும் சீலும் போட்டுத் தருவார். எண்ணெய் பூசிக் கடதாசியில் சுற்றிக் காரின் டிக்கியில் வையுங்கள், ஒரு கான் மழைநீரோடு.