எண்ணைக் கேட்டு வா, தேனு

என் செல்லம் தேனுவுக்கு அத்தை எழுதுவது.

டாக்டரிடம் போய் வந்த கதையைப் போனில் அரை மணி நேரம் சொன்னாய். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டது, வெளியே காத்திருந்தபோது மாப்பிள்ளை தூங்கி விழுந்தது, வரும் வழியில் சாப்பிட்ட மிளகாய்ப்பொடி மாங்காய் வரைக்கும் ஒன்று விடவில்லை. பிரஷர் எவ்வளவு என்று கேட்டேன். "நார்மல்னு சொன்னாங்க அத்தை" என்றாய். நூறு ரூபாய் கணக்கில் உதைத்தால் பேங்கை விட்டுக் கிளம்பாதவள் நீ. உன் உடம்புக் கணக்கை மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாயே! போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று மறந்துவிடுவாய் என்றுதான் எழுதியே அனுப்புகிறேன்.

கர்ப்பிணிக்கு 140/90 என்பதுதான் கோடு. மேல் எண் 140ஐத் தொட்டாலும் சரி, கீழ் எண் 90ஐத் தொட்டாலும் சரி, நாலு மணி நேரமாவது விட்டு மறுபடியும் பார்த்து உறுதி செய்வார்கள். 160/110க்குப் போய்விட்டால் அது அவசரம், உடனே மருந்து. 140/90க்குக் கீழே இருந்தால் எல்லாமே "நார்மல்"தான். அங்கேதான் எனக்குக் கவலை. கர்ப்பத்தின் நடு மாதங்களில் பிரஷர் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். மூன்றாம் மாதத்தில் 104/64 இருந்த ஒருத்திக்கு ஏழாம் மாதத்தில் 134/86 வந்தால் அவள் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் வார்டில் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒரு அட்டையைப் பார்த்தால், அடுத்த மாதம் வரை விடாமல் அடுத்த வாரமே வரச் சொல்வேன். போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஏறுகிறதா என்று தெரியும். அதற்கு உனக்கு எண் வேண்டும்.

அப்படிப் பிரஷரை ஏற வைக்கிற நோய்க்கு ப்ரீஎக்லாம்ப்சியா என்று பெயர். இருபது வாரத்துக்கு அப்புறம்தான் தலைகாட்டும், ஆனால் வேர் முதல் மாதங்களிலேயே இருக்கும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் கருப்பையின் குழாய்கள் அப்போதே நன்றாக விரிந்துகொள்ள வேண்டும், தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்காலை அகலமாக வெட்டி வைப்பதுபோல. அது சரியாக நடக்காத சிலருக்கு, நஞ்சு ரத்தம் போதாமல் திணறி, ஏதேதோ பொருள்களைத் தாயின் ரத்தத்தில் விட்டுவிடும். அவை அவள் ரத்தக் குழாய்களின் உள்சுவரையே கெடுக்கும். பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் இறங்கும், கல்லீரலும் மூளையும்கூடப் பாதிக்கப்படும். முற்றினால் வலிப்பு. ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம், வெள்ளையாகத் திரண்டால் ஆல்புமின் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது ஒரு ஸ்ட்ரிப்பில் முடிந்துவிடுகிறது. அந்தச் சின்ன டப்பாவை நீட்டும்போது முகம் சுளிக்காதே. பிரஷரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அது.

உனக்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உன் கதையே அப்படி. எட்டாம் மாதத்தில் அவசரப்பட்டுப் பிறந்தவள் என்று உன்னை வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்களே, அவசரப்பட்டது நீ இல்லை. உன் அம்மாவுக்கு மோதிரம் இறுகியது, சோப்பு போட்டுக் கழற்றினார்கள். முகம் வீங்கியது, வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு இது சகஜம் என்றார்கள். தலை வலித்தது, ஆச்சி நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டாள். லீவில் வந்த நான் பெட்டியில் கொண்டுவந்திருந்த கருவியைக் கட்டிப் பார்த்தேன். 170/110. அன்று ராத்திரியே காரில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலிப்பு வராமல் இருக்க இடுப்புக்கு இரண்டு பக்கமும் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். ரொம்ப வலிக்கிற ஊசி அது. மருந்து கூடிவிடவில்லையே என்று மூச்சை எண்ணி, முழங்காலைத் தட்டிப் பார்த்து, சிறுநீரை அளந்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். (அந்த ஊசி வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று, பத்தாயிரம் பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் காட்டியது.) நஞ்சு வெளியே வந்தால்தான் இந்த நோய் அடங்கும். அதனால்தான் உன்னை முன்கூட்டியே எடுத்தார்கள், தாயி. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாய்.

தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கூடும். தலைப்பிரசவம் என்பதும் ஒரு காரணம். இரண்டும் உனக்கு இருப்பதால்தான் மூன்றாம் மாதமே ராத்திரிக்கு ஆஸ்பிரின் எழுதினார் உன் டாக்டர். மாமனார் நெஞ்சுக்குப் போடுகிற மாத்திரை எனக்கு எதற்கு என்று இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தாயாமே, மாப்பிள்ளை சொல்லிவிட்டார்! குறைந்த அளவில் அதை நேரத்தோடு ஆரம்பித்தால், மாதம் முடியும் முன்னே பிரசவத்தில் கொண்டுவிடுகிற ப்ரீஎக்லாம்ப்சியா பாதிக்கு மேல் குறைகிறது என்று 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை விடாதே. அதே சமயம், பிரஷர் ஏறினால் அப்பாவுடைய டெல்மிசார்ட்டன் மாத்திரையில் பாதியைப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. உனக்கான மருந்து வேறு.

பிரஷர் பார்க்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி ஏறியதும் கையை நீட்டாதே. ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும், இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்கட்டும். நீ காலுக்கு மேல் கால் போடுகிறவள், அதைக் கொஞ்சம் மறந்துவிடு. கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேலே பட்டையைச் சுற்ற விடாதே. பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் இல்லாத பிரஷரைக் காட்டும். இதில் உனக்குக் கஷ்டமானது ஒன்றுதான், அளந்து முடியும்வரை பேசக்கூடாது. வீட்டுக்கு மெஷின் வாங்குவதானால் கர்ப்பிணிகளுக்குச் சோதித்துப் பார்த்த மாடலா என்று கேட்டு வாங்கச் சொல். அதை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், அங்கே காட்டுகிற எண்ணோடு ஒத்துப்பார்.

எனக்கு நிஜமான பயம் வளைகாப்பு மாதத்தில்தான். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க இங்கிலாந்தில் 1929இல் வகுத்த அட்டவணையிலேயே 28 வாரத்துக்கு மேல் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, 36க்கு மேல் வாரா வாரம் என்று இருக்கிறது. கடைசி மாதங்களில்தான் இந்த நோய் அதிகம் வரும். நம் ஊரிலோ சரியாக அந்த நேரத்தில் பெண்ணுக்கு வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறோம். பழைய டாக்டரை விட்டாயிற்று, புது டாக்டரை நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்று இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். அட்டையில் அந்தக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும், எத்தனையோ அட்டைகளில் பார்த்திருக்கிறேன். நீ ஓசூரிலிருந்து கிளம்பும் முன்னாலேயே இங்கே தென்காசியில் யாரிடம், என்றைக்குப் பார்ப்பது என்று முடிவாகிவிட வேண்டும். பட்டுப்புடவைப் பெட்டியில் வைக்காமல் அட்டையையும் ஃபைலையும் கைப்பையில் வைத்துக்கொள். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும் குறித்து வை. வந்ததும் நம் தெருவுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுவோம், இடையில் அவரும் பார்ப்பார்.

சாயங்காலம் பாதம் வீங்குவது பலருக்கும் உண்டு. திடீரென்று முகமும் கையும் வீங்கினால், விடாத தலைவலி வந்தால், கண் முன்னால் பூச்சி பறந்தால், வலது விலாவுக்குக் கீழே வலித்தால், மூச்சு வாங்கினால், அது எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிதான். வண்டி இல்லாவிட்டால் 108. விலா வலியை வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுக்காதே. வீக்கத்துக்கு உன் அம்மா பார்லித் தண்ணீர் வைத்துத் தருவாள், ஆசையாகத் தருகிறாள், குடி. ஆனால் அதனால் பிரஷர் இறங்காது. உப்பை அடியோடு நிறுத்தினால் இந்த நோய் வராது என்பதும் இல்லை.

பிள்ளை பிறந்தாலும் உடனே முடிந்துவிடாது, தேனு. பிறந்து மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் பிரஷர் மறுபடி உச்சத்துக்கு ஏறலாம். கர்ப்பத்தில் சரியாக இருந்தவளுக்கும் பிரசவத்துக்குப் பிறகு இது வருவதுண்டு. ஆறு வாரம் வரை கவனம் வேண்டும். இந்த நோய் வந்துபோனவர்களுக்குப் பின்னாளில் பிரஷரும் இதயக் கோளாறும் கூடுதலாக வருகின்றன. உன் அம்மா இன்றைக்கு மாத்திரை போடுவதற்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம். அவளையும் கூட்டிப்போய் வருஷா வருஷம் பார்த்துவிடு.

வீட்டுக்கு வருகிற கூட்டம் பிள்ளையின் மூக்கு யாரைப்போல என்று பார்த்துக்கொண்டிருக்கும். நான் முதலில் உன் கையில்தான் பட்டையைக் கட்டுவேன். அப்போதாவது ஒரு நிமிஷம் பேசாமல் இரு.

உன் அத்தை