பிடிக்குள் வரும் கொழுப்பு

வயிற்றுக் கொழுப்பு இரண்டு இடங்களில் சேர்கிறது. தோலுக்கு அடியில் இருப்பதைக் கையால் கிள்ளிப் பிடிக்கலாம். வயிற்றுத் தசைக்கு உட்புறம், குடலைச் சுற்றிப் படிவது பிடியில் சிக்காது. அறுவையில்லாத கொழுப்புக் குறைப்புக் கருவிகள் முதல் வகையை மட்டுமே எட்டுகின்றன. கல்லாக இறுகி முன்தள்ளிய தொப்பையில் பெரும்பாலும் இரண்டாம் வகைதான். அதற்கு இந்தச் சிகிச்சை வீண் செலவு. நேராக நின்று, வயிற்றை இறுக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் கிள்ளினால் தடித்த மடிப்பு வருகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

அதிகம் புழங்குவது குளிரூட்டும் முறையான கிரையோலிபோலிசிஸ். குச்சி ஐஸ் சப்பிய குழந்தைகளின் கன்னக் கொழுப்பில் அழற்சி உண்டாவதை மருத்துவர்கள் முன்பே பதிவு செய்திருந்தனர். தோல் தாங்கும் குளிரைக் கொழுப்பு உயிரணு தாங்காது என்பதை வைத்து, பாஸ்டனில் ஆய்வாளர்கள் டீட்டர் மான்ஸ்டீனும் ராக்ஸ் ஆண்டர்சனும் இம்முறையை உருவாக்கினர். இடுப்புப் பக்கவாட்டு மடிப்புக்கு 2010-லும் வயிற்றுக்கு 2012-லும் அமெரிக்க அரசு அனுமதித்தது. கருவி மடிப்பை உறிஞ்சிப் பிடித்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை குளிரூட்டும். இறந்த உயிரணுக்களை உடல் மெல்ல அகற்றுவதால் பலன் தெரிய 2 அல்லது 3 மாதம் ஆகும். சிகிச்சை பெற்ற இடத்தின் கொழுப்புப் படலம் சுமார் 20 சதவீதம் குறையலாம். எடையில் மாற்றமே தெரியாது. எடை இயந்திரத்தை நம்பி ஏறுகிறவர்கள்தான் முதலில் மனம் சோர்கிறார்கள். ஒரே நாடாவால், ஒரே இடத்தில், காலை வெறும் வயிற்றில் எடுத்த சுற்றளவும், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படமுமே உண்மையைக் காட்டும்.

லேசர், ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் ஆகியவை பெரும்பாலும் வெப்பத்தால் கொழுப்பைச் சிதைப்பவை. காந்தத் தூண்டல் கருவி முதன்மையாகத் தசையைச் சுருக்கி வலுவாக்குகிறது. பிரசவத்துக்குப் பின் தொங்கும் தோலுக்கு இவை போதுமான தீர்வல்ல.

வயிற்றில் குடலிறக்கம் இருந்தாலோ, குளிரால் இரத்தக் கோளாறு வரும் உடல்வாகு என்றாலோ குளிரூட்டலைத் தவிர்க்க வேண்டும். அறுவைத் தழும்பு இருப்பவர்கள் குடலிறக்கம் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது. சிகிச்சைக்குப் பின் வரும் மரமரப்பும் கன்றலும் சில வாரங்களில் போய்விடும். ஒரு சுற்றின் பலன் முழுதாகத் தெரியும் முன்பே ‘பேக்கேஜ்’ விலையில் அடுத்த சுற்றுகளை விற்கும் இடத்தில் அவசரப்படக் கூடாது.

அரிதாக, குளிரூட்டிய பின் கொழுப்பு கரைவதற்குப் பதில் சில மாதங்களில் அதே இடத்தில் கெட்டியாகப் பெருகுகிறது. 2014-இல் மருத்துவ இதழில் பதிவான இந்தப் பக்கவிளைவு, விளம்பர அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021-இல் தமக்கு நேர்ந்ததை வெளிப்படுத்திய பிறகே பரவலாகப் பேசப்பட்டது. கருவி பதிந்த வடிவிலேயே மேடு எழும். தானாக வடியாது, பெரும்பாலும் லைப்போசக்‌ஷன் அறுவைதான் தேவைப்படுகிறது.