சப்பாத்துப் பெட்டியில் ஒரு நிறமாலைமானி

இடம்பெயர்ந்து வந்து புதிய மண்ணில் நெல் விதைத்த நாம், இலை மஞ்சளித்ததும் கடன்பட்டாவது யூரியா வாங்க ஓடுகிறோம். முதலில் இலையைச் சோதித்துப் பார்ப்போம்.

தேவையானவை: சப்பாத்துப் பெட்டி, பழைய இறுவட்டு, இரண்டு சவர அலகுகள், கறுப்பு ஒட்டுநாடா.

செய்முறை: பெட்டியின் ஒரு முனையில் கிடையாகத் துளை வெட்டி, அலகுகளின் கூர்விளிம்புகளை எதிரெதிரே ஒட்டுவோம். இடைப்பிளவு அரை மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது. மறுமுனையில் இறுவட்டை, மினுங்கும் பக்கம் பிளவை நோக்க, மேல்விளிம்பு பின்னே சாய, அடித்தளத்துடன் 60 பாகையில் நிறுத்துவோம். அதன் நடுத்துளை பிளவைவிட 3 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்கட்டும். வட்டுக்கு நேர்மேலே மூடியில் கண்துளை இட்டு, மற்ற இடுக்குகளை அடைப்போம். வட்டில் மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 625 நுண்தடங்கள் உண்டு. அவையே ஒளியை நிறங்களாகப் பிரிக்கின்றன.

பயன்பாடு: பிளவை வெண்முகிலை நோக்கிப் பிடித்தால் ஊதா முதல் சிவப்பு வரை தெரியும். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது, கண் கெடும். பின்னர் பிளவின்மேல் நெல் இலையை நீளவாக்கில் வைப்போம். பச்சையம் நிறைந்த இலையில் நீலமும் சிவப்பும் மங்கி, பச்சை எஞ்சும். மஞ்சள் இலையில் சிவப்பும் நன்கு தெரியும்.

கவனம்: பெட்டி பச்சையக் குறைவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. வறட்சியாலும் நோயாலும் இலை மஞ்சளிக்கும். ஆகவே வரம்பு கட்டிய சிறு பாத்திக்கு மட்டும் யூரியா இட்டு, 10 நாட்களின் பின் இரு இடத்து இலைகளையும் ஒரே வேளையில் ஒப்பிடுவோம். வேறுபாடு தெரிந்தால் வயல் முழுவதற்கும் வாங்குவோம். தெரியாவிட்டால் கடன்படாமல், இலையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுவோம்.