சாவியை யாரிடம் கொடுப்பது?

நம் ஊர் லாரிகளின் எண் பலகையில் 'டி.என். 52' என்று எழுதியிருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். சங்ககிரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவான வண்டி என்பது அதன் பொருள். அந்தப் பதிவு இப்பொழுது 'வாகன்' என்னும் கணிப்பொறித் தொகுப்பில் இருக்கிறது. அலுவலர் அதில் எழுதலாம், திருத்தலாம். வழிப்போக்கர் ஒருவர் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்தாலோ, உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைந்தே தெரியும். விவரம் ஒன்றுதான்; பார்வை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. இது எவ்வாறு இயலும்?

விவரங்களை அட்டவணைகளாக்கித் தொடர்புபடுத்தி வைக்கும் முறையை 1970-ஆம் ஆண்டு வெளியிட்டவர், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர். எந்த அட்டவணையில் யாருக்கு என்ன உரிமை என்பதைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் 1976-இல் வழி கூறியவர்கள், அதே நிறுவனத்தின் பட்ரீசியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபோர்டு வேட் ஆகிய இருவர். அவர்களுள் ஒருவர் பெண் என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கொடுக்கும் கட்டளை 'கிராண்ட்'. பறிக்கும் கட்டளை 'ரிவோக்'.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். மாணவியர், மதிப்பெண், கட்டணம் என்று மூன்று அட்டவணைகள். யாருக்குக் கட்டணம் பாக்கி என்பதை எல்லோரும் படிக்க நேர்ந்தால், அந்த மாணவி மறுநாள் எப்படித் தலை நிமிர்ந்து வகுப்புக்கு வருவாள்? ஆகவே அது அலுவலகத்தார் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டும். நாற்பது ஆசிரியைகளுக்கும் தனித்தனியாக உரிமை எழுதிக்கொண்டிருந்தால் எங்கேனும் பிழை நேரும். அதனால் 'கிரியேட் ரோல்' என்ற கட்டளையால் முதலில் 'ஆசிரியை' என்றொரு குழுவை உண்டாக்குகிறோம். மதிப்பெண் அட்டவணையைப் படிக்க 'செலக்ட்', திருத்த 'அப்டேட்' ஆகிய உரிமைகளை அக்குழுவுக்கு வழங்குகிறோம். பிறகு ஒவ்வொரு ஆசிரியையையும் குழுவில் சேர்த்தால் போதும். அவர் மாற்றலாகிச் சென்றால் குழுவிலிருந்து நீக்குவது ஒரே வரி வேலை.

'போஸ்ட்கிரெஸ்' என்னும் மென்பொருளில் முன்பு 'கிரியேட் குரூப்' என்று தனியே இருந்தது. 2005-இல் வெளிவந்த 8.1 பதிப்பு, ஆளையும் குழுவையும் 'ரோல்' என்ற ஒன்றாக்கிவிட்டது.

இங்கே நாம் ஏமாறும் இடங்கள் உண்டு. ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால் இரண்டின் உரிமைகளும் கூடும். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. அவசரத்துக்காக ஓர் ஆசிரியைக்குக் கட்டண அட்டவணையை நேரடியாகத் திறந்துவிட்டால், பின்னர் அவரைக் குழுவிலிருந்து நீக்கினாலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது 'பப்ளிக்' என்னும் பெயர். அது எல்லோரும் தாமாகவே உறுப்பினராக உள்ள குழு. அதற்குக் கொடுத்த உரிமையை ஒருவருக்கு மட்டும் மறுக்க வழியில்லை. பண்டகசாலைச் சாவியை வாசல் ஆணியில் மாட்டுவதும் இதுவும் ஒன்றே.

குழு அமைத்தபின் ஓர் ஆசிரியையின் பெயரில் உள்ளே நுழைந்து, கட்டண அட்டவணையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 'பெர்மிஷன் டினைட்' என்று கணிப்பொறி மறுத்த பிறகே எழுந்து போகலாம்.