எல்லையோரத்து அம்மாக்கள் மீண்டும் கல்லூரிக்குப் போக: முழுமையான வழிகாட்டி

கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், வீட்டுப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்து ஒரு நாள் வருமானமில்லாமல் நின்றவர்கள் கேரள–தமிழ்நாடு எல்லையிலுள்ள பாறசாலை, செங்கல், காரோடு ஊர்களிலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் நிறையவே இருக்கிறார்கள். இவர்களைப் போன்றவர்களுக்காக அமெரிக்காவில் 1976இல் ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் தனி மையமே தொடங்கினார்கள். நம்மிடையே அதற்கும் முன்னால், 1912இல், சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைக்கத் தொடங்கிவிட்டார். அவரும் குழந்தை விதவைதான். இன்று நம் பக்கத்தில் உதவிகள் இருக்கின்றன, ஆனால் பஞ்சாயத்து, வில்லேஜ் ஆபீஸ், அங்கன்வாடி, கல்லூரி என்று சிதறிக் கிடக்கின்றன. அதனால் எதை முதலில் செய்வது என்பதுதான் முக்கியம்.

படி 1: எந்த மாநிலத்துக் காகிதம்?

படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தாலுக்கா அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொந்தபந்தமும் சம்பந்தமும் மட்டும் கோடு பார்க்கவில்லை. களியக்காவிளைக்கு அந்தப்புறம் பிறந்து இந்தப்புறம் வாக்கப்பட்ட பெண்ணின் எஸ்எஸ்எல்சி புக் தமிழ்நாட்டுடையது, ரேஷன் கார்டு கேரளத்தினுடையது. மார்த்தாண்டத்திலோ தனுவச்சபுரத்திலோ, எங்கும் அவர் படிக்கலாம். ஆனால் உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் அப்படியில்லை. தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழைக் காட்டிக் கேரளத்தில் சலுகை கேட்க முடியாது.

மகளின் படிப்பையும் சேர்த்தே யோசியுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கேரளப் பள்ளியில் படித்தவளுக்கு அது இல்லை. ரேஷன் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலேயே நில்லுங்கள் என்பதே என் யோசனை. கீழே உள்ளவை கேரளக் கார்டு உள்ளவர்களுக்கு.

படி 2: சான்றிதழ்கள்

வருமானம், இருப்பிடம், சாதி ஆகிய சான்றிதழ்களுக்கு அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்தால் வில்லேஜ் ஆபீஸ் வழியாக வரும். விதவைகளுக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. கைவிடப்பட்ட பெண்ணின் கையில் காகிதமே இருக்காது, அதிகம் அலைவது அவர்தான். நெய்யாற்றின்கரையில் தாலுக்கா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எந்தப் பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. ஜீவனாம்ச வழக்குப் போட்டாலே உங்கள் நிலைமைக்கு ஓர் எழுத்துச் சான்று பிறந்துவிடும்.

மலையாளம் எழுத வரவில்லை என்று தயங்க வேண்டாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதும் உரிமையைத் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்திருக்கிறது.

படி 3: விட்ட இடத்திலிருந்து

ஏழாம் வகுப்போடு நின்றவரா? கேரளத்தின் எழுத்தறிவு இயக்கமான சாக்ஷரதா மிஷனின் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 17 வயது நிறைந்திருந்தால் போதும். பிளஸ் டூ சமநிலைக்கு 22 வயது. விடுமுறை நாட்களில் வகுப்பு நடப்பதால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் தோது. பஞ்சாயத்தில் மிஷனின் ‘ப்ரேரக்’ (ஊக்குநர்) யாரென்று கேளுங்கள், சேர்த்துவிடுவது அவர் பொறுப்பு. கொல்லத்துப் பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வு எழுதித் தேறியது இந்த மிஷனில்தான்.

படி 4: எந்தப் படிப்பு?

மடியில் கைக்குழந்தை இருந்தால், 2020இல் தொடங்கிய ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்றது. வயது வரம்பு தடையாக இருக்காது. சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டுமென்றால் தனுவச்சபுரம் அரசு ஐடிஐ; அங்கும் உச்ச வயது வரம்பு கிடையாது. தமிழ் படிக்க விரும்புபவருக்குத் திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரி. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டால், தனுவச்சபுரம் வி.டி.எம். என்.எஸ்.எஸ். கல்லூரி போன்ற நேரடிக் கல்லூரியையே சொல்வேன். தனிமையில் வருடங்களைக் கழித்தவருக்கு வகுப்புத் தோழிகளும் நூலகமும் தேவை.

கேரளப் பல்கலைக்கழகம் 2023இல் மாணவிகளுக்கு ஆறு மாத மகப்பேறு விடுப்புத் தந்தது. திரும்பி வரும்போது புதிதாக அட்மிஷன் எடுக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு மாணவிகளுக்கான குறைந்தபட்ச வருகைப்பதிவு 75 சதவீதத்திலிருந்து 73 ஆனது.

படி 5: பிள்ளைகளும் பணமும்

மூன்று வயது முதல் ஆறு வரை அங்கன்வாடி. அங்கேயே பெண் குடும்பத்தலைவியாக உள்ள குடும்பங்களுக்கான கல்வி உதவியைக் கேளுங்கள். மகளிர் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, ஆண்டுக்கு ஐந்தாம் வகுப்பு வரை 3,000, பத்து வரை 5,000, பிளஸ் டூவுக்கு 7,500, பட்டப்படிப்புக்கு 10,000 ரூபாய் தருகிறது. விதவைகள், விவாகரத்தானவர்கள், கைவிடப்பட்டவர்கள், கணவர் படுக்கையில் இருப்பவர்கள் எல்லோரும் தகுதியுள்ளவர்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பணம் வந்தால்தான் உங்கள் ஃபீஸுக்குக் கையில் ஏதாவது மிஞ்சும். மணமாகாத தாய்மார்களுக்கு ‘சிநேகஸ்பர்சம்’ மாத உதவி இருக்கிறது. உங்கள் சொந்தப் படிப்புக்கான உதவித்தொகையை இ-கிராண்ட்ஸ் இணையதளம் வழியாகக் கல்லூரி ஆபீஸில் கேளுங்கள்.

படி 6: போக்குவரத்து

கே.எஸ்.ஆர்.டி.சி. மாணவர் கன்செஷன் 25 வயதோடு நின்றுவிடுகிறது. முப்பத்தைந்தில் படிக்க வருகிற அம்மாவுக்கு இது அநியாயம், மாற்றியே ஆக வேண்டும். அதுவரை ரயில் சீசன் டிக்கெட்தான் மலிவு. பாறசாலை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை மூன்று நிலையங்களும் திருவனந்தபுரம் பாதையில்தான் இருக்கின்றன. விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயரை எழுதுமுன், காலை வண்டி எத்தனை மணிக்கு, பிள்ளை அங்கன்வாடியிலிருந்து வரும் நேரத்துக்குள் திரும்பும் வண்டி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.