வகுப்பறை ஆய்வும் குழந்தைக் கலையும்

ஆய்வு என்றதும் பல்கலைக்கழகமே நம் நினைவுக்கு வரும். ஆயினும் பால் வெட்டுவோர் அறிவர்: கத்தி ஆழ்ந்தால் மரம் காயப்படும், ஆழம் குறைந்தால் பால் குறையும். செய்து, கண்டு, திருத்திக்கொள்வதே அவர்தம் ஆய்வு. வகுப்பறையில் ஆசிரியர் இவ்வாறு செய்வதே செயலாய்வு. ஆசிரியரே ஆய்வாளராதல் வேண்டுமென இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் நூலெழுதி வலியுறுத்தினார். நம் கல்வியமைச்சும் 1990களில் இதனைப் பரப்பியது.

லாபு, சிலியாவ் போன்றதொரு தோட்டப்புறப் பள்ளியில் வாய் திறவாத சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். "மந்தம்" என ஒதுக்குதல் எளிது. (ஆசிரியப் பணியில் நாமும் அவ்வாறு ஒதுக்கியதுண்டு.) ஆசிரியர் நான்கு வாரம் பாடத்தைக் கும்மியாகவும் சிறு நாடகமாகவும் நடத்துகிறார். அவள் எத்தனை முறை பேசினாள், எத்தனை சொற்களைப் பிழையின்றி எழுதினாள் என முன்னும் பின்னும் குறித்து வைக்கிறார். பேச்சு வளர்ந்தும் எழுத்து வளராவிடின், கும்மியின் சொற்களையே எழுதச் செய்து மீண்டும் நோக்குகிறார். ஒரு வகுப்பில் கண்டது எல்லா வகுப்பிற்கும் பொருந்தும் எனக் கூறவியலாது. அச்சிறுமிக்கு அது போதும்.

1983இல் நாடெங்கும் தொடங்கிய கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டத்திலேயே இசைக்கு இடமளிக்கப்பட்டது. ஆதலின், பிள்ளை பள்ளியில் ஆடிப் பாடினால் "படிப்பு எங்கே?" எனப் பெற்றோர் சினத்தல் வேண்டா. வீட்டில் அவள் பாடும் பாட்டை ஆசிரியரிடம் சொல்லுங்கள்; அது அவர் குறிப்பேட்டில் இராது.