தீராத களைப்பும் கடை வேலையும்



2020 மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி ஈப்போ கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2023 மே 5-ந் தேதி உலகச் சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. எனினும் நோய் கண்டு எழுந்தவர்களில் சிலருடைய தேகத்தில் அதன் பாக்கி இன்னும் நிற்கிறது. அதைப் பற்றியதே இப்பாடம்.

இதனை 'நெடுங்கோவிட்' என்கிறார்கள். 2020 மே மாதத்தில் இப்பெயரை முதலில் வழங்கியவர் வைத்தியரல்லர். இந்நோயால் அவதிப்பட்ட எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர். நோயாளிகள் வாய் திறந்த பிறகே உலகம் கவனித்தது. நம்மவரோ வாய் திறப்பதில்லை. முதலாளி தளர்ந்துவிட்டார் என்று தெரிந்தால் சரக்குக் கொடுப்பவர் என்ன நினைப்பாரோ என்ற அச்சம்! இந்த அச்சத்தால் நோய் வளர்கிறதேயன்றிக் குறைவதில்லை.

கோவிட் கண்டு மூன்று மாதங்களாகியும் களைப்பு, மூச்சுத் திணறல், மறதி போன்றவை இருந்து, அவை இரண்டு மாதங்களாவது நீடித்து, வேறு காரணமும் தென்படாவிட்டால் அதுவே இந்நோய் என்று 2021 அக்டோபரில் அந்நிறுவனம் வரையறுத்தது. நோய் இலேசாக வந்தவர்க்கும் இது வரலாம். 'வேறு காரணம் தென்படாவிட்டால்' என்பதைக் கவனிக்க வேண்டும். களைப்புக்கு நீரிழிவும் இரத்தச் சோகையும் தைராய்டுக் கோளாறும் காரணமாகலாம். விடாத இருமல் காசநோயாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனையும் நெஞ்சுப் படமும் அவசியம். இவற்றைச் செய்யாமல் டானிக் வாங்கிக் குடிப்பது வீண். டானிக் விற்கும் நாமே இதைச் சொல்கிறோம்!

இந்நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. அளவறிந்து உழைப்பதே இன்று கைகொடுக்கும் முறை. பலருக்குச் சற்று அதிகமாக உழைத்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் தள்ளிவிடும். ஒரு நாள் உடம்பு நன்றாயிருக்கிறதென்று அரிசி மூட்டைகளையெல்லாம் இறக்கி வைத்தால், அந்த வாரம் முழுவதும் கடை பூட்டிக் கிடக்கும். முதலையும் மீறிச் செலவழிப்பவன் கதைதான். களைப்பு வருமுன்பே இளைப்பாற வேண்டும். கல்லாவில் நின்று செய்வதை உட்கார்ந்து செய்யலாம். கணக்கை மூளை தெளிவாயிருக்கும் வேளையில் பார்த்து, சொன்னதை உடனே எழுதி வைக்கலாம். மூட்டை தூக்குவதைத் தம்பிமாரிடம் விடலாம். 'ஓடினால் சரியாகும்' என்று யாரேனும் சொன்னால், உழைத்தபின் படுத்துவிடுபவர்கள் அதைக் கேட்கவே கூடாது. நோன்பு மாதத்தில் நோயாளிக்குள்ள சலுகையை வைத்தியரிடமும் ஆலிமிடமும் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நலம்.

மோப்பம் இழந்தவர்க்கு ஒரு பயிற்சி உண்டு. நம் தொழிலில் மூக்கும் ஒரு தராசல்லவா? நெய் சிக்குப் பிடித்ததும், அதைவிட முக்கியமாகக் கேஸ் கசிவதும் தெரியாமற் போனால் ஆபத்து. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துத் தோமஸ் ஹும்மல் என்பவரும் அவருடைய சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் முகரச் செய்தனர். ஒவ்வொன்றையும் இருபது விநாடியளவு, நினைவோடு முகர வேண்டும். மூன்று மாதங்களாவது விடாமல் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பலிக்குமென்று சொல்வதற்கில்லை. பலருக்கு மெல்ல மெல்லத் திரும்புகிறது. செலவோ சொற்பம், கிராம்பு கடையிலேயே இருக்கிறது.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். தேவைப்பட்டால் அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். கோவிட் கண்ட தேதி, இப்போதுள்ள தொல்லைகள், எதைச் செய்தால் அதிகமாகின்றன என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போகவும். மறதி உள்ளவர் வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லவும். நெஞ்சு வலி, மயக்கம், ஒரு பக்கம் செயலிழத்தல், கடும் மூச்சுத் திணறல் கண்டால் தாமதியாமல் 999-க்கு அழைக்க வேண்டும். மனச்சோர்வு மிகுந்தால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம்.

சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்து முன்னாள் ரப்பர்த் தோட்டங்களில் பிள்ளைகள் பட்டணம் போய்விட, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் உண்டு. 'வயசாச்சு, அதான் களைப்பு' என்று அவர்கள் பேசாமலிருந்துவிடுவார்கள். அப்பக்கம் வேனில் சரக்குக் கொண்டு போகும் நம் வியாபாரிகள், 'பெரியவரே, கோவிட் வந்துபோன பிறகுதானா இந்தக் களைப்பு?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஆமென்றால், திரும்பும் வழியில் கிளினிக்கில் இறக்கிவிட அதே வேனில் இடமிருக்கும்.